சொந்தமாக ஓர் ஏழை

சொந்த வீடு வைத்திருப்பவரைப் பார்த்திருப்பீர்கள். சொந்த வண்டி வைத்திருப்பவரையும் பார்த்திருப்பீர்கள். சொந்தக் கருத்து வைத்திருப்பவரை எப்போதாவது ஏதாவதொரு கூட்டத்தில், கதவோரமாகப் பார்த்திருக்கலாம். சொந்தமாக ஓர் ஏழை வைத்திருப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். பார்வைக்கு நம்மைப் போலவே இருப்பார்கள். நல்லவர்களாகவும் இருப்பார்கள், சிக்கலே அதுதான். ஊரார் 'ஏழைகள்' என்று பன்மையில் பேசும் இடத்தில் இவர்கள் 'நம்ம ஏழை' என்பார்கள். அதுவும் நன்றாகக் கறக்கும் மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல, கொஞ்சம் வாஞ்சையோடு.

பிடித்து நிறுத்திப் பார்க்க ஒருவர் வேண்டும் அல்லவா? கிடங்கு ஐயாவை எடுத்துக்கொள்வோம்.

முப்பத்தொரு வருடம் ஒரு பெரிய கிடங்கின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் அதனால் அந்தப் பெயர். அவர் கிடங்கை விட்டுவிட்டார், கிடங்கு அவரை விடவில்லை. சமையலறைக்குள் போனால் டப்பாக்களை உயரவாரியாக அணிவகுக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். அதன்பிறகு அவர் மனைவி உப்பைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகும்.

அவருடைய சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஏழைகளைத் தாங்குவது கிறிஸ்தவனின் கடமை என்று போதகர் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தார். பொதுவில் விட்ட கடமையை யாரும் தொடவில்லை. கடைசியில் கமிட்டி கூடி, ஆளுக்கொரு ஏழையைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டு ஏழை. மாதம் ஒரு கூடை: மாவு, எண்ணெய், சோப்பு; குளிர் வந்தால் ஒரு போர்வை. வருடத்துக்கு ஒருமுறை 'அன்பின் ஞாயிறு'. அன்றைக்கு ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தன் ஏழையோடு மேடையேறுவார். ஏழை இரண்டு நிமிடம் சாட்சி சொல்வார். கொடுத்தவர் பக்கத்தில் தாழ்மையாகத் தலை குனிந்து நிற்பார். அந்தக் குனிவு சாமானியமா? ரொம்பக் குனிந்தால் முகம் தெரியாது.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதை அறியாதவரா கிடங்கு ஐயா? அதனால்தான் கூடையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக் கொடுப்பார். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டால் ஒன்று மற்றொன்றுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

அவர் பங்குக்கு வந்த ஏழை, இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் மகளோடு இருந்த தையல்காரம்மா. கணவர் இறந்த வருடம் பட்டியலில் ஏறியவர். பதினோரு வருடமாக இறங்கவில்லை. ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின், கிழிசல் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பெரியவன் கால்சட்டையைச் சின்னவனுக்குக் குறைப்பது என்று அவருக்கு ஒரு பிழைப்பு இருந்தது. அதெல்லாம் கிடங்கு ஐயாவின் கண்ணில் படவில்லை. அவர் கண் தேடியதெல்லாம் தான் கொடுத்த சரக்கைத்தான். கிடங்கு என்றால் திடீர்ச் சோதனை உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் போய் வாசலில் நிற்பார்.

"போன மாசம் குடுத்த போர்வை எங்கம்மா?"

"மக போர்த்திப் படுத்திருக்கா ஐயா. காய்ச்சல்."

"ஐயோ பாவம். எழுப்பாதே, எழுப்பாதே." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓரத்தை மட்டும் கொஞ்சம் காட்டு."

ஒருமுறை சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. எந்த வீட்டிலோ தைத்துக் கொடுத்ததற்கு அன்பாகக் கொடுத்ததாம். கிடங்கு ஐயாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நம்ம ஏழைக்கு நமக்குத் தெரியாமல் ஒரு கடிகாரமா?

இந்த இனத்தாரைத் துக்க வீடுகளிலும் பார்க்கலாம். சாவு நடந்த மூன்றாம் நாள் அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருவார்கள். வைத்துவிட்டுப் போகமாட்டார்கள். எதிரே உட்கார்ந்து, நீங்கள் அழுவதற்காகக் காத்திருப்பார்கள். அழாவிட்டால், திரும்ப எடுத்துப் போகும்போது பாத்திரத்தின் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் இவர்களுக்குள் நடக்கும் பேச்சைக் கேட்க வேண்டும். கிடங்கு ஐயாவுக்கு அங்கே ஒரு போட்டி, பல் டாக்டர். அவர் பங்குக்கு வந்தவர் காலில் அடிபட்ட பழைய காவலாளி.

"நம்மாளு இந்த வருஷம் சாட்சி சொல்றதைப் பாருங்க. கம்பை ஊன்றிக்கிட்டு மேடைக்கு வர்றதுக்குள்ளயே பாதி சபை கண்ணைத் துடைச்சிடும்" என்பார் டாக்டர்.

"எங்க தையல்காரம்மாவும் விதவைதானே."

"விதவைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா கை காலெல்லாம் நல்லா இருக்கே?" டாக்டர் குரலில் நிஜமான அனுதாபம், தையல்காரம்மாவிடம் இல்லை, கிடங்கு ஐயாவிடம்.

"இருமல் இருக்கு" என்பார் கிடங்கு ஐயா, விட்டுக்கொடுக்காமல்.

இப்படி நடந்துகொண்டிருந்தபோது, அன்பின் ஞாயிறுக்கு மூன்று வாரம் இருக்கையில், அந்த ஏழை செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தார். பிழைக்க வழி கண்டுபிடித்துக்கொண்டார்.

"ஐயா, பெரிய ஆஸ்பத்திரியில துணி அறைன்னு ஒண்ணு இருக்கு. விரிப்பு, திரை, டாக்டருங்க போடுற அங்கி எல்லாம் அங்கதான் தைக்கிறாங்க. நிரந்தர வேலை. தைச்சுக் காட்டினேன், பிடிச்சிருக்கு. பத்து வருஷமாத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்டேர்ந்து கடிதம் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள குடுக்கணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும். எனக்கு உங்களை விட்டா யாரு ஐயா?"

கடைசி வாக்கியத்தில் கிடங்கு ஐயா குளிர்ந்தார். அதற்கு முந்தியவை மெல்லத்தான் உள்ளே இறங்கின.

"அப்போ... கூடை?"

"வேற யாருக்காவது குடுத்திடலாம் ஐயா. இனிமே நான் சமாளிச்சுக்குவேன்."

"அன்பின் ஞாயிறுக்கு வருவேல்ல?"

"அன்னிக்கு வேலை போட்டிருந்தா முடியாதுங்களே."

பதினோரு வருடமாக வாராவாரம், "கர்த்தாவே, இந்த ஏழைக்கு ஒரு வழியைத் திறந்தருளும்" என்று முழங்காலில் நின்று கேட்டவர் அவர். வழி திறந்துவிட்டது. ஜெபம் கேட்கப்பட்டுவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

கடிதம் எழுத மறுத்தாரா? சேச்சே. நல்லவர் என்றுதான் முதலிலேயே சொன்னோமே. மூன்று நாள் சாயங்காலம் மேசையைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, உட்கார்ந்து எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. 'கணவனை இழந்த நாள்முதல் தன் காலில் நிற்க இயலாத இந்த அபலையைப் பதினோரு ஆண்டுகளாக எமது குடும்பமே தாங்கி வருகிறது' என்று தொடங்கி, கூடை, போர்வை, காய்ச்சலுக்கு வாங்கிக் கொடுத்த மாத்திரை எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கடந்து, 'எமது உதவி இல்லையேல் இவர் கதி என்னவாகும் என்று எண்ணும்போதே நெஞ்சம் நடுங்குகிறது' என்று முடிந்தது. படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. உறையில் போட்டு ஒட்டி, புதன்கிழமை இரண்டு கையாலும் கொடுத்தார்.

வியாழக்கிழமை மாலை தையல்காரம்மா திரும்பி வந்தார். கையில் அதே உறை, பிரிக்கப்பட்டு.

"ஐயா, துணி அறையில மேற்பார்வை பாக்குற அம்மா படிச்சாங்க. 'கால்ல நிக்கவே முடியாதுன்னு போட்டிருக்கு, நீ எப்படி எட்டு மணி நேரம் மெஷினை மிதிப்பே?'ன்னு கேட்டாங்க."

"அடடா, அது பேச்சுக்கு எழுதுறதும்மா."

"அதையும் சொன்னேன். மறுபடி படிச்சாங்க. 'ரொம்ப நல்ல மனுஷர்மா இவரு. இவருக்கு வேலை வேணும்னா வரச் சொல்லு, உடனே போட்டுக்கிறேன்'னாங்க."

கிடங்கு ஐயா உறையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"என்னைப் பத்தி ஒரு வரி எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க ஐயா. ஒரே ஒரு வரி. நாளைக்கு மதியம் வரைக்கும்தான் பாப்பாங்களாம்."

ஒரு வரிதானே? புதுத் தாளை எடுத்தார். 'இவர்' என்று எழுதினார். பேனா நின்றுவிட்டது. போர்வை எந்த மூலையில் கிடக்கும், தெரியும். எண்ணெய் எத்தனை நாளில் தீரும், தெரியும். இருமல்கூடத் தெரியும், அதுவும் டாக்டருக்குப் பதில் சொல்லத் தேவைப்பட்டதால். அதற்கு மேல்?

"நீ... நல்லாத் தைப்பேல்ல?"

"தைப்பேன் ஐயா."

"எந்த மாதிரி?"

தையல்காரம்மா ஒரு நொடி ஐயாவின் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். கழுத்தில் என்ன என்று அவர் தடவிப் பார்த்தார், ஒன்றுமில்லை.

சமையலறை வாசலில் வீட்டம்மா வந்து நின்றார், கையைத் துடைத்துக்கொண்டு.

"என்னங்க, நீங்க போட்டிருக்கிற சட்டை வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

இது அவருக்குப் பிடித்த கேள்வி. "ஒன்பது வருஷம்! காலரைப் பாரு, இன்னும் புதுசு. பொருளை வெச்சுக் காப்பாத்தத் தெரியணும். முப்பத்தொரு வருஷம் கிடங்கு பாத்தவன்டி நான்."

"காப்பாத்தினது நீங்க இல்லைங்க. அந்தக் காலர் ரெண்டு தடவை நைஞ்சுபோச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி, முதல் தடவை பிரிச்சு, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைச்சாங்க. ரெண்டாவது தடவை அதுவும் போயிடுச்சு. சட்டையோட பின்பக்க அடியில துணியை வெட்டி, புதுக் காலரே வெச்சாங்க. அதான் மேடையில நீங்க குனியுறப்போ சட்டை வெளியே வந்துடுது. சுருங்கிப்போச்சுன்னு பாவம் அந்தச் சலவைக்காரரைப் பிடிச்சுத் திட்டினீங்களே!"

"யாரு தைச்சது?"

வீட்டம்மா தையல்காரம்மாவைப் பார்த்தார். கிடங்கு ஐயாவும் பார்த்தார். பதினோரு வருடத்தில் அன்றுதான் முதன்முறையாக, போர்வைக்காக இல்லாமல், அந்த முகத்தைப் பார்த்தார்.

"கூலி குடுத்தியா?" என்றார் மெதுவாக மனைவியிடம்.

"வாங்கினாத்தானே? 'ஐயா கூடையைச் சுமந்துக்கிட்டு வர்றாரு, இது என் பங்கா இருக்கட்டும்'னாங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க, நீங்க சங்கடப்படுவீங்களாம்."

"விடுங்கம்மா, இப்போ எதுக்கு அதெல்லாம்" என்றார் தையல்காரம்மா.

கிடங்கு ஐயா கணக்கில் கெட்டிக்காரர். ஆறு வருடமாக, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும், மேடைக்கும்கூட, அந்தக் காலரைப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார். ஆறு வருடமாக அவர் ஒருவருடைய ஏழையாக இருந்திருக்கிறார்; அதுவே தெரியாமல். கொடுத்தவர் ஒருநாளாவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து, "காலர் எங்க? ஓரத்தை மட்டும் காட்டுங்க" என்று கேட்டதுண்டா?

பேனாவை எடுத்தார். வீட்டம்மா சொல்லச் சொல்ல எழுதினார்: 'இவர் என் சட்டைக் காலரை இரண்டு முறை மாற்றித் தைத்திருக்கிறார், நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.'

தையல்காரருக்கு இதைவிட நல்ல கடிதம் யாரால் எழுத முடியும்? வெள்ளிக்கிழமை மேற்பார்வை அம்மா படித்தார், சிரித்தார், திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அன்பின் ஞாயிறு வந்தது. பதினோரு ஏழைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கு ஐயா தனியாக வருவதைப் பார்த்ததும் பல் டாக்டர் பதறிப்போய் எழுந்து வந்தார்.

"என்ன ஐயா, உங்க ஆளு எங்க? உடம்புக்கு ஏதாவது...?"

"இல்ல. வேலை கிடைச்சிடுச்சு."

"அடப்பாவமே!" என்றார் டாக்டர். மனதார. கிடங்கு ஐயாவின் கையைப் பிடித்து அழுத்திக்கொடுத்தார்.

இந்த இடத்தில் கிடங்கு ஐயா திருந்திவிட்டார் என்று எழுதினால் உங்களுக்கும் திருப்தியாக இருக்கும், போதகருக்கும் ஒரு பிரசங்கம் கிடைக்கும். நடந்தது வேறு. இரண்டு வாரம் அடக்கமாக இருந்தார். எந்த வாசலிலும் போய்த் திடீரென்று நிற்கவில்லை. மூன்றாவது வாரம் அதே படிக்கட்டில் அவர் குரல் கேட்டது: "நம்ம தையல்காரம்மாவுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தானே. எல்லாரும் பக்கம் பக்கமா எழுதுவாங்க. நான் ஒரே வரி எழுதினேன், டாக்டர். ஒரே வரி!"

பக்கத்தில் நின்ற வீட்டம்மா அவர் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் மடங்கியிருந்த காலரை நிமிர்த்திவிட்டார், அவ்வளவுதான். பேச்சு பாதியில் நின்றது. கிடங்கு ஐயாவுக்குத் திடீரென்று வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் பட்டியலில் யாரும் இல்லைதான். பழைய துணி கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் அவர் அதைப் போட்டுக்கொண்டு வருகிறாரா என்று பார்த்தது தற்செயல். அவர் அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று தெரிந்தபோது மனதில் முள் குத்தியதும் தற்செயல். ஆனாலும் ஒன்று மட்டும் யோசித்து வையுங்கள்: உங்களிடம் வந்துபோகும் அந்த ஒருவர், நாளைக் காலையில் முகம் மலர வந்து, "இனிமே வேண்டாங்க, நான் சமாளிச்சுக்குவேன்" என்றால், உங்கள் வாயில் முதலில் வருவது என்ன வார்த்தை?

யோசிக்கும்போதே, யாரும் பார்க்காத நேரமாக, உங்கள் காலரை ஒருமுறை தடவிப் பாருங்கள். மெதுவாக. உள்பக்கத் தையலை.