டிரைவிங் மாஸ்டர் படித்த நாலாம் வகுப்பு

உயிரே போனாலும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை என்று டிரைவிங் மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டுவது சுலபம். மனைவியிடம் சொல்வதுதான் கஷ்டம். நடுரோட்டில், எதிரே பஸ் வரும்போது, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவர்களையெல்லாம் சமாளித்தவர் அவர். சமையலறை வாசல்வரை மட்டும் போய்ப் போய்த் திரும்பினார்.

பெருந்தொற்று ஓய்ந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. விரும்புகிறவர்கள் நேரில் வரலாம், இல்லாவிட்டால் இந்த வருஷமும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படிக்கலாம். எது என்று ரிப்போர்ட் கார்டு வாங்க வரும்போது சொல்லுங்கள் என்று டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். படித்ததும் மாஸ்டர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

காரணம் இருந்தது. நாலாம் வகுப்பு முழுவதையும் பாப்பா வீட்டு மேஜையில்தான் படித்தாள். டீச்சர் கேள்வி கேட்பார். கேமராவில் விழாமல் பக்கத்து நாற்காலியில் மாஸ்டர் உட்கார்ந்திருப்பார். பாப்பா வாயைத் திறப்பதற்குள் பதிலைக் கிசுகிசுத்துவிடுவார். தொழில்புத்தி அது. பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கொஞ்சம் தயங்கினாலும் கால் தானாக அமுக்கிவிடும். பாப்பாவும் சமர்த்தாக அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வாள். இனி வகுப்பில் தனியாக உட்கார்ந்தால் பிள்ளை திருதிருவென்று விழிக்குமே, நாலு பேர் சிரிப்பார்களே, எல்லாம் தன்னால்தானே என்று நினைத்தபடியே மாஸ்டர் மறுபடியும் சமையலறை வாசலுக்குப் போனார்.

"பை ரொம்பக் கனம்மா" என்று ஒருவழியாக ஆரம்பித்தார்.

"ஆமாங்க."

"புள்ளைக்கு முதுகு வலிக்கும்."

"வலிக்கும்."

"ரோட்டுல போறவன் வர்றவனெல்லாம் கண்ணுமண்ணு தெரியாம ஓட்டறான்."

"அதுல பாதிப்பேர் நீங்க கத்துக்குடுத்தவங்கதான்."

"அதனாலதாம்மா பயமா இருக்கு. வீட்டுலயே படிக்கட்டும்."

"சரிங்க. டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சுலபமாக எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாஸ்டர் விசிலடித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இருவரும் உட்கார்ந்தார்கள். டீச்சர் கார்டை நீட்டினார். எழுத்துத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் பாப்பா முதலிடம். மாஸ்டர் கார்டைத் திருப்பிப் பார்த்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது.

"எங்க வீட்டுப் பாப்பாவா? எப்ப எழுதினா?"

"போன வாரம் இங்க வந்துதான்" என்றாள் மனைவி. "நீங்க வண்டியில போனதும் நான் கூட்டிட்டு வந்தேன்."

"அப்ப வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் ஏன் கோடு போட்டிருக்கு?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "அந்த மார்க்கை யாருக்குப் போடறதுன்னு தெரியல சார்."

மாஸ்டர் கார்டை மறுபடியும் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பாவுக்குப் பின்னாடி ஒரு பீரோ இருக்கே சார். அதுல ஆளுயரக் கண்ணாடி. வருஷம் பூரா மொத்த வகுப்பும் உங்களைப் பாத்துது."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளுமாம். பூனையாவது பரவாயில்லை. 'கண்ணாடியைப் பாருங்க, கண்ணாடியைப் பாருங்க' என்று தினமும் தொண்டை கிழியக் கத்துவது பூனைக்குத் தொழில் இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைப் பார்த்தார்.

"முதல் வாரமே டீச்சர் போன் பண்ணிட்டாங்க. நான்தான், விட்டுடுங்கம்மான்னு கேட்டுக்கிட்டேன். ஊரடங்குல வண்டி உறையைப் போட்டுக்கிட்டு நின்னப்ப, நீங்க நாள் பூரா சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. சோறு இறங்கல. கிளாஸ் நேரத்துக்கு மட்டும்தான் தலையை வாரி, சட்டை மாத்திக்கிட்டு வந்து உக்காந்தீங்க. அப்பா சொல்றதையே சொல்லு, தப்பா இருந்தாலும் பரவால்லன்னு பாப்பாகிட்ட சொன்னேன். அவ ஏன்னுகூடக் கேக்கல."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாட்களில், தான் எவ்வளவு பள்ளத்தில் கிடந்தோம் என்பது வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். இவர்களானால் இத்தனை நாளும் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார்கள். மனைவியின் கையைப் பெஞ்சுக்கு அடியில் பிடித்துக்கொண்டார். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"டீச்சர், உங்க மூணு பேருக்கும் நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்று எழுந்து கைகூப்பினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். பாப்பா நாளையிலேர்ந்து அஞ்சாம் வகுப்புக்கு நேர்ல வரட்டும்" என்ற டீச்சர் பேனாவைத் திறந்தார். "நீங்க வீட்டுல இருந்தே நாலாம் வகுப்பைத் தொடருங்க, ஏழாம் வாய்ப்பாடு இன்னும் உங்களுக்கு வரல."