காலி நாற்காலிகள்

மூன்றாம் வாரம் வகுப்புக்கு விகோ வரவில்லை.

மாரெனுக்குச் சுருக்கென்றது. சொந்தமாக நடத்திய மெழுகுவத்திக் கடையை மூடிவிட்டு, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகர மாலைப்பள்ளியில் ‘சொந்தத் தொழில் தொடங்குவது எப்படி’ என்று இளைஞர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். கூட்டம் குறைந்தால் வகுப்பையும் மூடிவிடுவார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு மூடுவிழா அவளுக்குத் தாங்காது.

விகோவுக்குப் போன் போட்டாள்.

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். தொழில் ஆரம்பிச்சுட்டேன். எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் இறங்குவேன்னு உட்காந்தா, உட்காந்தேதான் இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“என்ன தொழில்?”

“கொஞ்சம் நிலைக்கட்டும், சொல்றேன்.”

மாரெனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கட்டுமென்று வகுப்பில் சொன்னாள்.

அடுத்த வாரம் பின்வரிசை முழுதும் காலி.

பாடம் கடினமோ என்று எளிமையாக்கினாள். லவங்கப்பட்டை போட்ட பன் சுட்டுக் கொண்டுவந்தாள். பன் தீர்ந்தது, கூட்டமும் கரைந்தது.

“ஒரு இடத்தோட நின்னுடாதீங்க. சாகற வரைக்கும் கத்துக்கிட்டே இருக்கணும்” என்று உருக்கமாகப் பேசினாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்கடுத்த வாரம் முன்வரிசையும் போயிற்று.

கடைசியில் தோழி போடிலைக் கெஞ்சினாள். “சும்மா வந்து மாணவி மாதிரி உட்காருடி.”

“தொழிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். உனக்காக வரேன்” என்று வந்த போடில், இரண்டே வகுப்பில் கம்பி நீட்டினாள்.

“கோச்சுக்காதடி. விகோகிட்ட பேசினேன். எனக்கும் ஒரு வழி கிடைச்சிருச்சு.”

அன்று மாலை மாரென் தனியாக, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக் காவலாளி பிரெபன் தள்ளுவண்டியோடு வந்து கதவருகில் தயங்கினார்.

“இந்த நாற்காலிய எல்லாம் எடுத்துக்கலாமா?”

வகுப்பை மூடுகிறார்கள் என்று புரிந்தது. வருத்தத்தை விழுங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“எடுத்துக்கோங்க, பிரெபன். எனக்குக் குறையில்ல. எங்கிட்ட படிச்ச அத்தனை பேரும் சொந்தமா தொழில் தொடங்கிட்டாங்க.”

பிரெபன் முதல் நாற்காலியை வண்டியில் ஏற்றினார்.

“தொடங்கினது விகோ மட்டும்தான், மாரென். இதே பள்ளியில மாடி அறைய வாடகைக்கு எடுத்து இதே பாடத்த நடத்துறான். மத்தவங்க எல்லாம் அங்கதான், நின்னுக்கிட்டே படிக்கிறாங்க.”