முழங்காலுக்குப் போய்ச் சேராத மருந்து

நவம்பர் மாத இறுதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஸ்வீடனின் உப்சாலாவில் அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. என் கணவர் சிக்ஸ்டன் மூன்றாம் மாடிக்கு ஏறிவரும் ஓசையைப் படிப்படியாக எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. அவருடைய வலது முழங்கால் இந்தக் குளிர்காலத்தைத் தாங்காவிட்டால், நாற்பத்தோராண்டுகள் வாழ்ந்த வீட்டை விற்றாக வேண்டும். தரகரின் முகவரி அட்டை ஏற்கெனவே மேசைமேல் கிடந்தது.

மூட்டுக்கு வழுவழுப்புத் தரும் ஹையலூரோனான் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். சிக்ஸ்டன் இணங்கவில்லை. ஊசிவழி செலுத்திய அதே பொருள் உடலில் எங்கெங்கே போகிறதென்று முயல்களில் அளந்தே உத்தியோகக் காலத்தைக் கழித்தவர் அவர். தங்காத மருந்து எதற்கு என்பது அவர் வாதம். முயல்களுக்கு ஊசி போட்டவருக்கு, தமக்கென்றால் ஊசி பயம் என்பது நான் அறிந்தது. அன்று கெஞ்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தேன்.

உள்ளே வந்தவர் கால்சட்டையைச் சுருட்டி, முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினார்.

"போட்டாச்சு ஸ்வீயா. இனிமே இந்தப் பேச்சே எடுக்காத."

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

"எத்தனை நாள் மூட்டுல இருக்கும்?"

பொய் சொல்லவே வந்தவர்தான். ஆனால் தம் கணக்கில் கைவைக்க அவர் மனம் ஒப்பாது.

"ஒரு நாள்லயே பாதி போயிடும். நிணநீர் வழியா ரத்தத்துக்கு. அங்க சில நிமிஷந்தான், கல்லீரல் அள்ளிக்கும். ஒரு வாரத்துல ஒண்ணும் மிஞ்சாது."

"அப்ப அடுத்த வியாழன் இன்னொண்ணு போட்டுக்கலாம். நேரம் வாங்கிட்டேன். நானும் வரேன்."

அவர் முகம் வெளிறியது.

"வேண்டாம்மா. மருந்து போனாலும் பலன் மாசக்கணக்கா நிக்கும்."

"இத்தனை நாளா இதைச் சொல்லலியே நீங்க?"

"இப்பதான் தோணுச்சு."

"நல்லதாப் போச்சு. அப்ப முதல் ஊசியைப் போட்டுக்க ஒரு தடையும் இல்ல. ரெண்டு மணிக்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துது, ஐயாவை இன்னும் காணோம்னு. மீசையில ஏலக்காய் ரொட்டிச் சர்க்கரை இருக்கு, துடைச்சுக்கோங்க."

அடுத்த வியாழன், என் கையைப் பிடித்தபடி ஊசி போட்டுக்கொண்டார். படிகளில் இன்னும் முனகுகிறார்; தரகரின் அட்டையும் மேசையை விட்டுப் போகவில்லை. ஊசிக்கு நான் அன்றே பணம் கட்டினேன். வராத நாளுக்கான தண்டம் நானூறு குரோனர் என்று டிசம்பரில் தபால் வந்தது. பதினைந்தாம் தேதி சிக்ஸ்டன் கட்டினார். அந்த நாற்பது குரோனர் ஏலக்காய் ரொட்டி அவருக்கு நானூற்று நாற்பது குரோனர் ஆயிற்று.