கப்பல் அங்கிளும் பிகோல் எக்ஸ்பிரஸும்

ஒரு தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, அது எந்த ஊர்த் தோப்பில் காய்த்தது என்று சொல்லக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். மைசூர் அக்ரஹாரத்தில், நான் முன்பு குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வசிக்கிறார். அவர் சொல்லும் ஊர் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். ஆனால் சொல்கிற தோரணையைப் பார்த்தால் தேங்காய்க்கே தன் சொந்த ஊர் மேல் சந்தேகம் வந்துவிடும்.

தெருவில் அவருக்கு ‘ஹடகு அங்கிள்’ என்று பெயர். ஹடகு என்றால் கன்னடத்தில் கப்பல். எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் கப்பல் அங்கிள். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்து தங்கிவிட்டவர். பிள்ளைக்குத் தண்டவாளம் போதவில்லை, கடலுக்குப் போய்விட்டார். சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் இருபது வருடத்துக்கு மேல் ஃபிட்டர். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். ஓய்வு பெற்று வீடு வந்தபோது அவர்களுடைய ஒரு குழம்பையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

மைசூரின் ஹெப்பாள் பகுதியில் எனக்கு வேலை கிடைத்து அந்த வீட்டு மாடிக்குக் குடிவந்த அன்றே எனக்கும் அந்தக் குழம்புக்கும் அறிமுகம் ஆனது. காலை பதினொரு மணிக்குத் தெருவில் கூட்டம் கூடியிருந்தது. ஏதோ நாற்றம். யார் வீட்டிலோ எலி செத்திருக்கிறது என்று ஒரு கட்சி, சாக்கடை உடைந்துவிட்டது என்று இன்னொரு கட்சி. மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து மூடிகளைத் திறந்து பார்த்தார்கள். அதில் மூத்தவர் எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “நம்ம சாக்கடை இப்படியெல்லாம் நாறாது சார்” என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாற்றத்தின் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்தது நான்தான். என் ஜன்னலுக்கு ஒரு அடி தள்ளி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், துணி கட்டிய ஊறுகாய் ஜாடி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துணி மேல் கை வைத்திருப்பேன். படிக்கட்டில் தடதடவென்று ஓடிவரும் சத்தம்.

“தொறக்காதம்மா! இன்னும் ரெண்டு வெயில் காணணும்!”

லுங்கி, பனியன், மூச்சு வாங்கும் தொப்பை. அதுதான் கப்பல் அங்கிள்.

உள்ளே இருந்தது காய்ந்த இறாலையும் உப்பையும் அரைத்து ஊறவைத்த விழுது. குழம்புக்கு உயிரே அதுதானாம். அவர் மனைவி லதா ஆன்ட்டி, கன்னடப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த ஜாடி தன் சமையலறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தக் குழம்பில் வழக்கமாகப் போடும் பன்றி இறைச்சிக்கு அதற்கு முன்பே தடை. அதனால் கோழியோடு மாடிக்கு ஏறிவிட்டார் அங்கிள். தகரக் கூரைக்குக் கீழே ஒரு கேஸ் அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, அதற்கு நேர் எதிரே என் வாசல்.

ஒவ்வொரு ஞாயிறும் அங்கே அதே குழம்பு. வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஒரு கரண்டி இறால் விழுது எல்லாம் வதங்கி, கோழி விழுந்து, தேங்காய்ப்பாலில் மெதுவாக வெந்து எண்ணெய் பிரியும்போது, குடகிலிருந்து வரவழைத்த ஊசிமிளகாய் ஒரு கைப்பிடி. அதன் பெயர் பிகோல் எக்ஸ்பிரஸ். பிகோல் என்பது அங்கே ஒரு பகுதி, அங்கே போகும் ரயிலின் பெயரையே குழம்புக்கு வைத்துவிட்டார்கள் என்று அங்கிள் விளக்குவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், “மைசூர்ல எத்தனாவது பிளாட்ஃபார்ம்?” என்று கேட்டார். அங்கிள் ஒரு கிண்ணம் கொடுத்தார். மறுநாள் அவர் அலுவலகம் போகவில்லை.

எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. முதல் வாய் பாயசம் மாதிரி இறங்கியது. இரண்டாவது வாயில் ஏதோ தப்பாக இருக்கிறதே என்று தோன்றியது. மூன்றாவது வாயில் காது அடைத்துக்கொண்டது. ஆனாலும் நான்காவது வாய்க்குக் கை தானாகப் போனது. அதுதான் அந்தக் குழம்பின் சதி.

அங்கிள் மட்டும் ஒரே ஒரு கரண்டி நக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். “வரல.”

“எது அங்கிள் வரல?”

“டோட்டோய் ருசி.”

டோட்டோய் என்பது அவர் கப்பலின் சமையல்காரர். தன் சமையலறைக்குள் கேப்டனைக்கூட விடமாட்டாராம். விடைபெறும்போது அங்கிள் கெஞ்சிக் கேட்டதற்கு, ஒரு துண்டுக் காகிதத்தில் என்னென்ன போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் பிளாஸ்டிக் உறைக்குள் தகரக் கூரையின் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அதன்படியேதான் செய்தார். ருசி மட்டும் வரவில்லை.

குற்றவாளி தேங்காய்தான் என்று முடிவு கட்டினார். திப்டூர்த் தேங்காய் வந்தது, மத்தூர்த் தேங்காய் வந்தது. கொள்ளேகாலுக்கே பஸ் ஏறிப் போய் ஒரு சாக்கு நிறைய வாங்கிவந்தார். கண்டக்டர் சாக்குக்கும் சீட் பிடித்துத் தந்தாராம். காயெல்லாம் மாடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் ஊர்ப் பெயர். காலையில் துணி காயப்போட வந்தால் கர்நாடக வரைபடத்தில் நடப்பதுபோல் இருக்கும். ஆட்டுக்கல்லில் அரைத்துப் பார்த்தார், கையால் துருவிப் பார்த்தார், வெந்நீரில் பிழிந்தார், பச்சைத் தண்ணீரில் பிழிந்தார். “வரல.”

ஒரு மாறுதலுக்கு, சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் இன்னொரு குழம்பும் செய்வார். அதற்கு ஒரே சட்டம். பால் நன்றாகக் கொதித்து இலை அடங்கும்வரை கிளறக்கூடாது. கிளறினால் தொண்டை அரிக்கும் என்று டோட்டோய் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிறு, “அஞ்சு நிமிஷம் பாத்துக்கோம்மா, தொடாத” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். அடி பிடிக்கிற மாதிரி இருந்தது. வளர்ப்பு அப்படி, பேசாமல் இருக்க முடியவில்லை. நாலு கிளறு கிளறிவிட்டேன்.

மறுநாள் அந்தக் குழம்பை அலுவலகத்துக்கு வேறு கொண்டுபோய் மூன்று பேருக்குக் கொடுத்தேன். மதியம் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போன் மீட்டிங். எங்கள் டீம் லீடர் வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. பக்கத்தில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். அதற்குப் பக்கத்தில் இருந்தவரும் செருமினார். நாங்கள் நால்வரும் மாறி மாறிச் செருமியதைக் கேட்ட வாடிக்கையாளர், தான் கேட்ட தேதி எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, நாங்கள் கேட்டிருந்த தேதிக்கே ஒப்புக்கொண்டுவிட்டார்.

இத்தனை கூத்திலும் லதா ஆன்ட்டி சமையல் நேரத்தில் மாடிப்படியின் கடைசிப் படியைத் தாண்டியதில்லை. ஒருநாள் நான் ஒரு கிண்ணத்தைக் கீழே எடுத்துக்கொண்டு போனேன். இறால் விழுது சேர்க்காமல் தனியாகச் செய்தது.

“பேடம்மா, வேண்டாம்” என்றார். “இறாலுக்காக இல்ல. எங்க அம்மா வீட்டுல மீன் இல்லாத நாளே கிடையாது.”

“அப்ப ஏன் ஆன்ட்டி?”

வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார். “கப்பல்ல இருந்து எறங்கி ஆறு வருஷம் ஆச்சு. ஆள் மட்டும்தான் எறங்கினாரு. மனசு அங்கேயே இருக்கு பாரு, நோடு. ஞாயித்துக்கிழமை ஆனா ஓடிப்போய் மாடில கப்பல் கட்டிக்கிறாரு. அந்தச் சாப்பாட்டை நான் எதுக்குச் சாப்பிடணும்?”

கிண்ணத்தை மேலே கொண்டுவந்து நானே சாப்பிட்டேன்.

அந்த வருடம் எங்கள் அலுவலகத்துக்கு மரிசெல் என்ற பெண் மணிலாவிலிருந்து மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தாள். விஷயத்தை அங்கிளிடம் நான் சொல்லியிருக்கவே கூடாது. ஒரு வாரம் அவர் தூங்கினாரா என்று தெரியவில்லை. தகரக் கூரைக்கு வெள்ளை அடித்தார். ஞாயிறன்று சட்டை போட்டுக்கொண்டு சமைத்தார். அவர் சட்டை போட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மரிசெல் ஒரு வாய் சாப்பிட்டாள். கண் சிவந்தது. தண்ணீர் குடித்தாள். “ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். ஆனா எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் சிட்டில வளர்ந்தவ, எனக்கு முட்டை பொரிக்கக்கூட வராது” என்று இங்கிலீஷில் சொன்னாள். அங்கிளின் முகம் சட்டியைவிடக் கறுத்துப்போனது. அதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. “எங்க அம்மா பிகோல்காரங்க. கேட்டுப் பாக்கலாமா?” என்று வீடியோ காலில் அம்மாவைப் பிடித்தாள்.

திரையில் ஒரு சுருட்டை முடி அம்மா. அங்கிள் போனைச் சட்டிக்கு மேலே பிடித்து, பிறகு காகிதத்தைக் காட்டி, பிறகு தேங்காய்களை ஊர்ப் பெயரோடு ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். மரிசெல் சொன்னாள்:

“அம்மா கேக்கறாங்க, கப்பல்ல ஏது அங்கிள் தேங்கா?”

அங்கிள் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார்.

“மாசக்கணக்கா கடல்ல இருக்கிற கப்பல்ல தேங்காய உடைச்சு யாரு பால் பிழிவாங்க? டப்பாவாத்தான் இருக்கும்னு சொல்றாங்க.”

அங்கிள் அங்கேயே, திப்டூருக்கும் மத்தூருக்கும் நடுவே, உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து டப்பா தேங்காய்ப்பால் வந்தது. சத்தமே இல்லாமல் சமைத்தார். நான் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்தேன். கொதி அடங்கியதும் ஒரு கரண்டி எடுத்து ஊதி வாயில் வைத்தார். கரண்டி வாயிலேயே நின்றது.

“வந்துடுச்சும்மா” என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. கரண்டியை வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“எங்கப்பா போனப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். கரை சேர இன்னும் பதினோரு நாள். கேபினுக்குள்ள போய்ப் படுத்தவன்தான். யாரு கூப்பிட்டும் எழுந்திரிக்கல. மூணாவது நாள் டோட்டோய் வந்தான். ஒண்ணும் பேசல. இத ஒரு கிண்ணத்துல வச்சுட்டுக் கதவுகிட்டயே உக்காந்துக்கிட்டான். தேங்காப் பாலும் மிளகாயும். கண்ண மூடிச் சாப்பிட்டா நம்ம வீட்டுல இருக்கிற மாதிரி இருந்துச்சும்மா.”

படிக்கட்டில் ஏதோ சத்தம். திரும்பினேன். ஈரத்துணி வாளியோடு லதா ஆன்ட்டி கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“அந்த மூணாவது நாள்தானே போன் பண்ணீங்க?” என்றார்.

அங்கிள் தலையாட்டினார்.

“மாமாவுக்கு எல்லாக் காரியமும் நான் ஒருத்தியே ஓடி ஓடிப் பண்ணிட்டு வந்து உக்காந்தேன். போன் வந்துச்சு. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். ‘சாப்பிட்டேன் லதா, ரொம்ப நல்லா இருந்துச்சு’ன்னீங்க.” வாளியைக் கீழே வைத்தார். “பெத்த அப்பா போயிருக்காரு, இந்த மனுஷன் ருசி பாத்துச் சாப்பிட்டிருக்காரேன்னு இத்தன வருஷமா என் மண்டைக்குள்ள அது ஓடிட்டே இருக்கு.”

“மூணு நாள் கழிச்சு அன்னிக்குத்தான் லதா சாப்பிட்டேன்.”

“சொல்லவே இல்லையே?”

“அங்க நீ தனியா அல்லாடிட்டிருக்க. நானும் பட்டினின்னு சொன்னா நீ இன்னும் ஒடஞ்சு போவியேன்னு...”

ஆன்ட்டி கடைசிப் படியைத் தாண்டி வந்து, அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“ஸ்வல்ப, கொஞ்சமா போடுங்க.”

அங்கிள் அவசர அவசரமாக அள்ளியதில் பாதிக் குழம்பு தரையில் கொட்டியது. ஆன்ட்டி ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வாயும் சாப்பிட்டார்.

“உப்பு ஜாஸ்தி” என்றார். “அடுத்த வாரம் டப்பா வேணாம். நம்ம தேங்காயவே போடுங்க.”

“ஹௌதா? நிஜமாவா?” என்றார் அங்கிள், பள்ளிக்கூடப் பையனைப்போல.

நான் பூண்டுத் தோலை வாரிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஜாடி கீழே சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. அந்த நாற்றத்துக்குத் தெருவும் பழகிவிட்டது. எனக்கு பெங்களூரில் வேறு வேலை கிடைத்து வந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். போனில் பேசிய லதா ஆன்ட்டியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் பத்தரை மணிக்கு அழைப்பு மணி. வாசலில் இரண்டு பேரும் மழைக்கோட்டோடு நிற்கிறார்கள், அங்கிள் கையில் நாலடுக்கு கேரியர். விடியற்காலை ரயில் பிடித்து வந்திருக்கிறார்கள்.

“ஒடம்பு சரியில்லாத புள்ளைக்குக் காரம் ஆகாதுன்னு ஆன்ட்டி சொல்லிட்டா” என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னபடி அங்கிள் மூடியைத் திறந்தார். மிளகாய் இல்லை, இறால் இல்லை, உப்புகூடப் பெயருக்குத்தான். வெள்ளை வெளேரென்று குழைந்த சோறும் தேங்காய்ப்பாலும். இரண்டு பேரும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கப்பல் அங்கிள் தன் வாழ்நாளில் சமைத்ததிலேயே ருசி கெட்ட சமையல் அதுதான். நான் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.