இரண்டு தலைவர்களும் ஓர் உறுப்பினரும்

புத்தகம் படிப்பதில் யாரும் முன்கூட்டியே சொல்லித் தராத தொல்லை ஒன்று உண்டு. படித்து முடித்த கையோடு அதைப் பற்றி யாரிடமாவது பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. (எனக்கு இறங்காது. உங்களுக்கு இறங்கினால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.)

கணவர் போய்ச் சேர்ந்து, மகளும் சிங்கப்பூரில் குடியேறிய பிறகு, ஈப்போ அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும்தான். பேச்சுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. பாசாரில் மீன்காரரிடம் விலை பேசுவேன். லிப்டில் பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசுவேன். அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாவல் கையில் கிடைத்தது. ரப்பர் தோட்டத்தில் புருஷனையும் பிள்ளையையும் விட்டு ஓடிப்போன ஒருத்தி, கடைசிப் பக்கத்தில் அதே லயத்து வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். தாப்பா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். அழுகை தாங்கவில்லை. மகளுக்குப் போன் போட்டேன்.

“மா, மீட்டிங்ல இருக்கேன். ஷார்ட்டா சொல்லுங்க.”

சுருக்கிச் சொல்ல அது என்ன கரண்ட் பில்லா? வைத்துவிட்டேன். அன்று குழாய் பழுதுபார்க்க வந்தவரிடம் முழுக்கதையையும் சொன்னேன். அவர் வங்காளதேசத்துக்காரர். நன்றாகத் தலையாட்டினார்.

இது சரிப்படாது, ஒரு வாசகர் வட்டம் தொடங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். அந்த நாவலில் மூன்று பிரதிகள் வாங்கித் தெரிந்தவர்களிடம் சுற்றுக்கு விட்டேன். இரண்டு பிரதிகள் புத்தம் புதிதாகவே திரும்பி வந்தன. மூன்றாவதை வாங்கிப் போன எதிர் பிளாக் பார்வதி அக்கா திருப்பித் தரவே இல்லை.

நம் ஆட்களைப் புத்தகம் பேச வாருங்கள் என்று கூப்பிட்டால் வருவார்களா? பதவி கொடுத்தால் வருவார்கள். ஆகவே போனில் பதவிகளை வாரி வழங்கினேன். செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், ஆலோசகர், கணக்காய்வாளர் இருவர். (கணக்கே இல்லாத வட்டத்துக்கு!) பார்வதி அக்காவுக்கு மட்டும், புத்தகத்தை அமுக்கிவிட்ட கோபத்தில், பதவி ஒன்றும் தரவில்லை; வாருங்கள் என்றதோடு சரி. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற முனியாண்டி அண்ணன் வரத் தயங்கினார். தலைவர் பதவி என்றேன். வருகிறேன் என்றார். மறுநாள் சரோஜா டீச்சர் தயங்கினார். அவரிடமும் வாய் தவறி அதையே சொல்லித் தொலைத்தேன். பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்த அந்தப் புத்திசாலியை இன்று பார்த்தால் ஒரு குட்டு வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோவில் மண்டபத்தின் பக்கத்து அறை. கறிபாப் பொரித்து எடுத்துப் போயிருந்தேன். கடவுள் வாழ்த்து முடிந்தது. “அடுத்து, தலைவர் உரை” என்றேன். இரண்டு பேர் எழுந்தார்கள். இருவர் கையிலும் எழுதிய தாள்.

“டீச்சர், உக்காருங்க. தலைவர் நான்தான்லா.”

“இல்லண்ணே, தங்கச்சி எனக்குத்தான் போன்ல சொன்னிச்சு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கறிபாப்பைப் பார்த்தேன்.

“ரெண்டு தலைவர் இருந்தா வட்டத்துக்குப் பலம்தானே?” என்று சிரித்து வைத்தேன்.

“என்னா இதுலா, எங்கள வச்சு வெளையாடுறியா?” என்று அண்ணன் குரலை உயர்த்தினார். செயலாளர் அவர் பக்கம் சாய்ந்தார், பொருளாளர் டீச்சர் பக்கம். கணக்காய்வாளர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு அணிகளும் தனித்தனி வட்டம் தொடங்கப் போவதாக அறிவித்து வெளியேறின. கறிபாப்பை மட்டும் இரு அணியினரும் பேதமில்லாமல் எடுத்துப் போனார்கள். அந்த நாவலின் பெயரைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவமானத்தைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆசையாகப் படித்ததைப் பேச இத்தனை பெரிய ஊரில் ஓர் ஆள் இல்லையே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை.

“கூட்டம் முடிஞ்சிச்சா? இப்ப பொஸ்தகத்தப் பத்திப் பேசலாமா?”

கடைசி வரிசையில் பார்வதி அக்கா. பையிலிருந்து நான் கொடுத்திருந்த நாவலை எடுத்தார். அட்டையில் மஞ்சள் கறை, பக்கத்துக்குப் பக்கம் மடிப்பு.

“ரெண்டாந்தடவயும் படிச்சிட்டுக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். அவ ஏன் திரும்பிப் போனா? எனக்குப் புடிக்கவே இல்லலா.”

“பிள்ள அங்கதானே அக்கா இருக்கு!”

“ஓடும்போதே பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருக்கணும். அறிவு வேணாம்?”

எனக்கு வந்ததே கோபம். நாற்காலி அடுக்க வந்தவர், மறுபடியும் தலைவர் சண்டையோ என்று பயந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரோடும் சண்டை போட்டதில்லை.

இன்றும் மகள் குடும்பம் வந்திருக்கும்போது, காரில் ஜன்னலோர இருக்கைக்குப் பேரப்பிள்ளைகள் அடித்துக்கொண்டால், “ரெண்டு பேரையும் தலைவராக்கிடுங்க மா” என்பாள் மகள். மருமகன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பார்வதி அக்கா இப்போது ஜொகூரில் மகன் வீட்டில் இருக்கிறார். எதிர் பிளாக்கில் அவர் வீட்டு விளக்கு எரிவதில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் போன் வரும். எந்தப் புத்தகத்தில் தொடங்கினாலும் பேச்சு அந்த லயத்து வீட்டில்தான் வந்து நிற்கும். அவள் திரும்பியது தப்பு என்பார் அக்கா. சரி என்பேன் நான்.

அக்கா சொல்வதுதான் சரி என்று எனக்கு எப்போதோ பட்டுவிட்டது. சொல்ல மாட்டேன். சொன்னால் போன் வருவது நின்றுவிடும்.