காத்தரும் இரண்டு சீலைகளும்

காற்றை வீட்டு நாய் மாதிரிப் பழக்கி எடுக்கலாம் என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே காத்தர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பிள்ளைகளே, எண்பதுகளில் நாங்கள் சுவிசின் வில் நகரத்தில் குடியிருந்த கட்டடத்தின் பராமரிப்பாளர் அவர். பழைய பேப்பரைக் கோணலாகக் கட்டி வைத்தால், கதவைத் தட்டி, அவிழ்த்து நேராகக் கட்டச் சொல்வார். மற்ற நேரமெல்லாம் கராஜுக்குள் பந்தயக் கார் செய்வார். காத்தர் என்பது எங்கள் ஆட்கள் வைத்த பெயர்.

சுவிசில் வட்டப் பாதையில் கார்ப் பந்தயம் ஓட அப்போது தடை. மலையேறும் பந்தயம் மட்டும் உண்டு. காத்தரின் முதல் கார் மீன் மாதிரி வழுவழுப்பு. வேகம் கூடியதும் மூக்கைத் தூக்கியது. இரண்டாவது காரில் விமான இறக்கையைக் கவிழ்த்துப் பூட்டினார். விமானத்தைத் தூக்கும் இறக்கை, கவிழ்த்தால் காரைக் கீழே அமத்தும் அல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் மலை வளைவில் இறக்கை ஒரு பக்கம் பறக்க, கார் மாடுகளுக்கு நடுவில் போய் நின்றது.

"இன்னொருக்கா ரோட்டை விட்டுப் போனா, கார் பழைய இரும்புக்காரனுக்குத்தான்," என்று அவர் மனைவி சொல்லிவிட்டார்.

பெரிய கொம்பனிகள் காரைக் காற்றில் வைத்துச் சோதிக்கத் தனிக் கூடமே கட்டி வைத்திருந்தன. காத்தரிடம் இருந்தது உடுப்புக் காயப்போடும் அறையின் விசிறி. மரத்தில் செதுக்கிய சின்னக் காரில் கம்பளி நூல் ஒட்டி, அதன் முன் வைத்து, நூல் ஆடுவதைத் தரையில் படுத்துப் பார்ப்பார்.

ஒருநாள் கட்டடத்தின் பொதுத் தோய்ப்பு அறையில் எங்கள் முறை. கீழேயிருந்து உங்கள் அம்மாவின் குரல்.

"இஞ்சேருங்கோ! இந்த மனுசன் என்ர சீலைக்கு நடுவில படுத்துக் கிடக்குது!"

ஓடினேன். பக்கத்தில் பக்கத்தில் தொங்கிய இரண்டு சீலைகளுக்கு நடுவால் விசிறிக் காற்று போனது. சீலைகள் விலகவில்லை, நெருங்கி வந்து ஒட்டின. நீங்களும் இரண்டு தாளைப் பிடித்து நடுவில் ஊதிப் பாருங்கள்.

காத்தர் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், கத்தியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

"ஒடுக்கத்தால காத்து ஓடினா இழுக்குது! பெரிய கொம்பனிக்காரர் காருக்கு அடியில இதைத்தான் செய்யினம் எண்டு வாசிச்சனான், நம்பேல்லை. இப்ப கண்டிட்டன்!"

"கண்டது காணும். சீலையைத் தரச் சொல்லுங்கோ."

"நாளைக்கு!"

"நாளைக்குக் கலியாண வீட்டுக்கு நான் காரை மூடுற படங்கையோ கட்டுறது?"

பழைய சீலைதான் கட்டினாள்.

மூன்றாவது காரின் அடிப்பக்கம், காற்று போகும் வழி ஒடுங்கும்படி நடுவில் தாழ்ந்து, ரோட்டை உரசுகிற மாதிரி இருந்தது. அதே வளைவில் நாங்கள் நின்றோம். கார் வரும் சத்தம் கேட்டதும் அவர் மனைவி கண்ணை மூடி, உங்கள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ரோட்டை விட்டுப் போட்டுதோ?"

"இல்லை, ரோட்டிலதான் போகுது. கண்ணைத் திறவுங்கோ!"

சுவரில் பல்லி ஓடுவது மாதிரி, கார் ரோட்டைக் கவ்விக்கொண்டு வளைந்து போனது.

பரிசு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் அன்று மலையை முழுதாக ஏறி முடித்த காத்தர், ஹெல்மெட்டைக் கழற்றி, மனைவியையும் தாண்டி நேரே உங்கள் அம்மாவிடம் வந்தார்.

"சீலை காய்ஞ்சிட்டுதோ?"

இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறோம். இன்றும் உங்கள் அம்மா விசிறிக்கு முன்னால் ஓர் ஆள் படுக்க இடம் விட்டுத்தான் உடுப்புக் காயப்போடுகிறாள். யாருக்கு என்று நான் கேட்பதில்லை.