அம்பது சாரும் எங்கள் கிரைண்டரும்

அயனம்பாக்கம் ஏரி நிரம்பி எங்கள் மாவுக் கடைக்குள் கெண்டை மீன் வந்ததே, அந்த மழைக்கு அடுத்த கோடையில்தான் அம்பது சார் எங்கள் மாடிக்குக் குடிவந்தார். மீன் கதை தனிக்கதை. கிரைண்டருக்கு அடியில் ஒளிந்துகொண்டதை என் சம்சாரம் கன்னியம்மா இட்லித் துணி போட்டுப் பிடித்தாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அது கிடக்கட்டும். உலகத்தில் எல்லோரும் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்ப்பார்கள். கரண்ட் சௌக்கியமா என்று விசாரித்த ஒரே மனிதர் அம்பது சார்தான்.

கோவில்பட்டிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் சோதிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வரும் கரண்ட் நேராக வராதாம். நொடிக்கு ஐம்பது தடவை ஆடி ஆடி வருமாம். அதில் துளி கூடும், துளி குறையும், அதை எண்ணிக் காட்ட ஒரு பெட்டி செய்யப்போகிறேன் என்று சாமான் இறக்கும்போதே சொன்னார். நான் அஞ்சாம் கிளாஸைத் தாண்டாதவன். தலையாட்டினேன். தெரு அவருக்குப் பேர் வைத்துவிட்டது.

பெட்டி என்றால் பழைய டிபன் பாக்ஸ்தான். உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், எண்ணுவதற்கு நகத்தளவு சிப்பு, மூடியில் சிவப்பாக எரியும் நம்பர். முதல் நாள் பிளக்கில் சொருகியதும் நூறு என்று காட்டியது.

"நூத்துக்கு நூறு வாங்கிட்ட சார்!" என்று கன்னியம்மா கைதட்டினாள்.

"இல்லம்மா. ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணுன்னு ரெண்டு தடவ எண்ணுது, மூதேவி."

அதைச் சரிசெய்தார். அடுத்து எங்கள் கிரைண்டர் அவருக்கு எதிரியானது. சுவிட்சைப் போட்டால் போதும், வேட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவருவார்.

"அண்ணாச்சி, அமத்துங்க! நம்பர் கெடந்து குதிக்கி!"

"இன்னா சார் நீ, மாவு ஆட்லன்னா தெருவுக்கு நீயா இட்லி ஊத்துவ?" என்பாள் கன்னியம்மா.

கிரைண்டர் கம்பியில் கிளப்பும் இரைச்சலையும் பெட்டி சேர்த்து எண்ணிவிடுகிறது என்று விளக்கினார். அவளுக்குப் புரிந்தது வேறு. எதிர்வீட்டு அம்மாவிடம் போய், "எங்க மிஷினப் போட்டா டெல்லி வரைக்கும் ஆடுதாம்" என்று பெருமையடித்தாள். மறுநாள் கரண்ட் போனதும் தெருவே எங்கள் கடை வாசலில் சண்டைக்கு நின்றது. "இந்தியாவ ஆட்னது போதும், மிஷின நிறுத்துக்கா!"

அம்பது சார்தான் வந்து காப்பாற்றினார். "இங்கயிருந்து அஸ்ஸாம் வரைக்கும் எல்லாக் கம்பியும் ஒண்ணா மாட்டியிருக்கு. இங்க என்ன நம்பரோ, அதே நேரம் அங்கயும் அதே நம்பர். இந்தக் கிரைண்டரெல்லாம் கடல்ல ஒரு சொட்டு. அதனாலயா கரண்ட் போவும்?"

தெரு கலைந்தது. கன்னியம்மா விடவில்லை.

"சொட்டுன்னாலும் கடல்ல கீதுல்ல சார்?"

"இருக்கு."

"அப்பறம், சோறு துன்றதக்கூட மறந்து அந்த நம்பரையே இன்னாத்துக்குப் பாத்துகினுகீற?"

சார் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மக கௌஹாத்தில இருக்கா. அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டா. நான் கல்யாணத்துக்குப் போகல. இப்ப போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. ஆனா அவ வீட்டுச் சுவத்துலயும் இந்நேரம் இதே நம்பர்தானம்மா."

 அடுத்த நாளிலிருந்து கன்னியம்மா கிரைண்டரைப் போடும்போதெல்லாம் பிளக்கைப் பார்த்துக் கத்துவாள்: "பொண்ணே, உங்கப்பன் இன்னும் துன்னல. போன எடு!"

இன்னொரு பெட்டி செய்து மகளுக்கு அனுப்பச் சொன்னவளும் அவள்தான். அனுப்பினார். அதற்கப்புறம் நம்பரை விட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில் போட்டோ வந்தது. வார்த்தை ஒன்றும் இல்லை. ஒரு சுவர், பிளக், டிபன் பாக்ஸ், சிவப்பில் 49.98.

சார் மாடிக்கு ஓடினார். இவருடைய பெட்டியில் 50.01. முகம் தொங்கிப்போய் இறங்கிவந்தார். "ஒத்துப்போகல அண்ணாச்சி."

"யோவ் சார், அவ போட்டோ புட்ச்ச நேரம் வேற, நீ பாக்கற நேரம் வேற. அங்கயே போய் நின்னு பாருய்யா!" என்றாள் கன்னியம்மா.

அவ்வளவு படித்தவருக்கு அது தோன்றவில்லை. அன்றே ரயிலேறிவிட்டார். போகும்முன் பெட்டியில் இரைச்சலை வடிகட்ட ஏதோ சேர்த்து, எங்கள் கிரைண்டருக்கு மேலே மாட்டினார். இப்போது நம்பர் குதிப்பதில்லை. குதித்தால் தேவலை என்றிருக்கிறது, யாராவது ஓடிவருவார்கள்.

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு தடவை போன் செய்தார். பின்னால் ஒரு பெண் "அப்பா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டது கேட்டது. அப்புறம் அந்தப் போன் வேலை செய்யவில்லை. மாடியை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களை, "ஆள் கீது" என்று கன்னியம்மா திருப்பி அனுப்புகிறாள்.

கௌஹாத்திப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சுவரில் டிபன் பாக்ஸ் எரிகிற வீட்டைக் கண்டால், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இங்கே இப்போது 50.02. அங்கேயும் அதுதானா என்று கன்னியம்மா கேட்கச் சொன்னாள்.